45 யூரோவுக்கு ஒரு கிண்ணம் பூத்தண்ணீர்

இத்தாலியில் இருக்கும் நம் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்டது விலையைத்தான். அதனால் விலையிலிருந்தே தொடங்குகிறேன். பெரியவர்களுக்கு 45 யூரோ, பிள்ளைகளுக்கு 20. மோதெனா நகரத்துக்குத் தெற்கே, சமவெளி முடிந்து அப்பெனின் மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு பண்ணை வீடு. ஜூன் 23 மாலை மூலிகை பறிக்கும் நடை, கிண்ணத்தில் 'அக்குவா தி சான் ஜொவான்னி' (புனித யோவானின் நீர்) என்ற பூத்தண்ணீர் தயாரித்தல், இரவு உணவு, கடைசியில் ஒரு வாய் நோச்சினோ மது. அங்கேயே தங்கினால் அறைக்குத் தனிக் கட்டணம். தங்காதவர்கள் தங்கள் பூத்தண்ணீரை ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றிக்கொண்டு போய் வீட்டுப் பால்கனியில் வைத்துக்கொள்ளலாம். நானும் என் கணவரும் தங்கினோம். பண்ணையின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகள் சொல்ல இருக்கின்றன, மனிதர்கள் நல்லவர்கள்.

சடங்கு இதுதான். ஜூன் 24 திருமுழுக்கு யோவான் பிறந்த நாள். மற்ற புனிதர்களுக்கெல்லாம் அவர்கள் இறந்த நாளைத்தான் திருச்சபை பொதுவாகக் கொண்டாடும். பிறந்த நாள் கொண்டாடப்படுவது இயேசு, மரியாள், யோவான் ஆகியோருக்கு மட்டுமே. கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்னால் வரும் இந்த நாள், ஆண்டின் மிக நீண்ட பகல் முடிந்த கையோடு வருகிறது. முந்தின நாள் மாலை, பொழுது சாயும் நேரத்தில், பூக்களையும் வாசனை இலைகளையும் பறித்துத் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் வெட்டவெளியில் வைப்பார்கள். அந்த இரவின் பனி அதில் இறங்க வேண்டும். காலையில் வீட்டில் உள்ள எல்லாரும் அந்த நீரில் முகமும் கையும் கழுவுவார்கள். அந்தப் பனி எல்லா நோயையும் ஆற்றும் என்று இத்தாலியில் எதுகையோடு ஒரு பழமொழியே இருக்கிறது. அதே இரவில்தான் சூனியக்காரிகள் கூட்டம் போடப் பறந்து போகிறார்கள் என்பதும் பழைய நம்பிக்கை. வாசலில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தால், அதன் குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் அவர்களால் உள்ளே வர முடியாதாம். எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

இது ஒரு பிராந்தியத்துக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. பிளாரன்ஸ், தூரின், ஜெனோவா மூன்றுக்கும் காவல் புனிதர் இதே யோவான்தான். பிளாரன்ஸில் வாணவேடிக்கை, மற்ற இரண்டிலும் பெரிய நெருப்பு. ரோமில் நத்தை சமைத்துச் சாப்பிடுவார்கள். கூட்டமும் வெடியும் பிடிக்குமானால் அங்கே போங்கள், எல்லாம் இலவசம். எனக்கு வேண்டியிருந்தது தண்ணீர்.

அந்தத் தண்ணீரும் இலவசம்தான் என்பதை என் அலுவலகத் தோழி பலமுறை நினைவூட்டினாள். அவள் பார்மா நகரத்துக்காரி. "பூவைப் பறிக்கவும் வாளியில் போடவும் யாராவது காசு கொடுப்பார்களா?" என்று சிரித்தாள். அவளுக்கு அது சரி. அவளுடைய அம்மாவுக்குப் பின்கட்டில் தோட்டம் இருக்கிறது, எந்தப் புல்வெளியில் எது பூக்கும் என்று சொல்லிக் கொடுத்த பாட்டி ஒருத்தியும் இருந்தாள். மூன்றாம் மாடிக் குடியிருப்பில் ஒரு துளசித் தொட்டியோடு இருக்கும் எனக்கு அந்தப் பாட்டியை யாராவது வாடகைக்குத்தான் தர வேண்டும். 45 யூரோ அதற்குத்தான் என்று நினைத்துப் பணம் கட்டினேன்.

பாட்டி கிடைத்தார். எழுபதைத் தாண்டிய பெண்மணி, பண்ணைக்காரரின் தாய். எல்லாரும் 'நொன்னா' (பாட்டி) என்றே அழைத்தார்கள். கையில் கத்தரியும் இல்லை, குறிப்புத் தாளும் இல்லை, நகத்தால் கிள்ளினார். வீட்டுக்குப் பின்னால் இருந்த அறுக்காத புல்வெளிக்குள் நேராக நடந்து, மஞ்சள் பூ பூத்த ஒரு செடியின் முன் நின்றார். இபெரிகோ. இந்த ஊர் மக்கள் சான் ஜொவான்னி மூலிகை என்று சொல்வதும் இதைத்தான். ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொன்னார். ஊசியால் குத்தியதுபோல் இலை முழுவதும் ஒளிப் புள்ளிகள். உண்மையில் அவை ஓட்டைகள் அல்ல, எண்ணெய்ச் சுரப்பிகள். பிறகு விரியாத ஒரு மொட்டை என் விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கச் சொன்னார். மஞ்சள் மொட்டிலிருந்து கருஞ்சிவப்புச் சாறு வந்தது. தலை வெட்டப்பட்ட யோவானின் இரத்தம் என்பது மக்கள் சொல்லும் கதை.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூரில். இந்தச் செடியின் உறவுக்காரச் செடி ஒன்று நீலகிரியில் சாலையோரப் புதராக வளர்கிறது. அதன் பூ இன்னும் பெரிது, அதே மஞ்சள், நடுவில் அதேபோல் குத்தாக நிற்கும் மகரந்தத் தாள்கள். சிறுவயதில் அதன் பக்கத்தில் நூறு முறை நடந்திருப்பேன், பெயர் கேட்டதில்லை. இதை நொன்னாவிடம் சொன்னேன். "அங்கே அதை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. "பாவம்" என்றார், என்னையா செடியையா என்று தெரியவில்லை.

அந்தப் பூக்களைச் சாடி நிறைய அடைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, நாற்பது நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் சிவக்கும். தீக்காயத்துக்கும் தோல் வெடிப்புக்கும் அதைத் தடவும் வழக்கம் இங்கே வீடுதோறும் உண்டு. தடவிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது என்பதை நொன்னா தானாகவே சொன்னார். இந்த ஒரு எச்சரிக்கைக்காகவே அவருக்கு என் முழு மதிப்பெண்.

அடுத்து மால்வா, காட்டுச் சோம்பின் தழை, மாசிபத்திரியின் ஐரோப்பிய இனம், சீமைச்சாமந்தி. வேலியோரம் நீலத்தில் சில பூக்கள். பிறகு வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி ரோஸ்மேரி, சேஜ், புதினா, லாவெண்டர், எலுமிச்சை வாசனையுள்ள வெர்பெனா, ரோஜா இதழ். இந்தப் பட்டியலைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல். கைக்கு எட்டும் தூரத்தில் எது பூத்திருக்கிறதோ அதுதான் மூலிகை.

எதைப் பறிக்கக் கூடாது என்பதில்தான் அந்தப் பெண்மணியின் அறிவு தெரிந்தது. மலைச்சரிவு முழுவதும் ஜினெஸ்திரா மஞ்சளாகப் பூத்து வாசனை வீசிக்கொண்டிருந்தது. ஒரு பையன் கை நிறைய ஒடித்து வந்தான். அதைப் பிடுங்கி வழியோரம் போட்டார்: அது நச்சுச் செடி, பார்ப்பதற்கு மட்டும். தோட்ட மூலையில் அருவதா இருந்தது. பழைய முறையில் அதுவும் இந்த நீரில் சேரும், பேயை விரட்டும் என்று பெயர் பெற்றது. ஆனால் அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பும். அதனால் கைகழுவும் நீரில் அவர் அதைச் சேர்ப்பதில்லை, வாசலில் கட்டித் தொங்கவிடுவதோடு சரி. நன்றாக யோசித்துச் செய்த மாற்றம். இணையத்தில் பார்த்து வீட்டில் செய்பவர்கள் அருவதாவைக் கை நிறைய அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

இனி குறைகள். நடைக்கு முப்பது பேருக்கு மேல் வந்திருந்தோம், வழிகாட்டி ஒருவர். முன்வரிசையில் முண்டியடித்து நின்ற பத்துப் பேருக்குத்தான் அவர் குரல் எட்டியது. பின்னால் வந்தவர்கள் புல்வெளியில் சும்மா உலாத்தினார்கள், கைக்குக் கிடைத்ததைப் பறித்தார்கள். நச்சுச் செடியும் வளரும் இடத்தில் இது அழகுக் குறை மட்டுமல்ல. இரண்டு குழுவாகப் பிரிக்க இன்னொரு ஆள் இல்லையென்றால் பதினைந்து பேருக்கு மேல் பணம் வாங்கக் கூடாது.

அடுத்து, மகன். நடை முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அண்டத்தின் அதிர்வு, நீரின் நினைவாற்றல் என்று அரைமணி நேரம் பேசினார். தாய் ஓர் இலையைக் காட்டி இரண்டு வாக்கியத்தில் சொன்னது இவரால் முடியவில்லை. எங்களுக்குக் கொடுத்த அச்சிட்ட தாளில், இந்த நீர் தோல் நோய்களைக் குணப்படுத்தும், மனச்சோர்வை நீக்கும் என்று இருந்தது. இபெரிகோ மாத்திரையாக விற்கப்படுவது உண்மை, மனச்சோர்வுக்கு அதைக் கொடுப்பதும் உண்மை. ஆனால் அது கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து போன்றவற்றின் வேலையைக் கெடுக்கும். முகம் கழுவும் நீரைப் பற்றிய தாளில் அந்தப் பேச்சுக்கு என்ன இடம்? நொன்னா இப்படி எதையும் சொல்லவில்லை. 'நல்லது' என்றார், அவ்வளவுதான்.

கிண்ண விஷயத்தில் நான் கொஞ்சம் தொல்லை பிடித்தவள், ஒப்புக்கொள்கிறேன். சாசுவோலோவில் டைல்ஸ் ஆலையின் ஆய்வகத்தில் வேலை, நாள் முழுவதும் மெருகுப் பூச்சோடுதான் வாழ்க்கை. எந்தப் பீங்கான் கைக்கு வந்தாலும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். இவர்கள் தந்தவை ஆலையில் செய்த வெள்ளைக் கிண்ணங்கள், சுத்தமானவை, உயிரற்றவை. உலோகப் பாத்திரம் தராதவரை நன்று. தண்ணீரைத் தோட்டக் குழாயிலிருந்து ரப்பர் ஓஸ் வழியாக நிரப்பியதுதான் எரிச்சலாக இருந்தது. அறுபதடி தள்ளிக் கிணறு இருக்கிறது! என் கணவர் அங்கிருந்து ஒரு வாளி இறைத்து வந்தார், நாங்களும் பக்கத்து மேசைக்காரர்களும் அதைப் பயன்படுத்தினோம். யாரும் தடுக்கவில்லை.

பனியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சடங்கின் உயிர் அதில்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள். தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் இருந்தால் புல் தன் வெப்பத்தை வேகமாக வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துவிடும், பனி அதன்மேல் படியும். கிண்ணம் நிறைய உள்ள தண்ணீர் அவ்வளவு வேகமாகக் குளிராது. ஆகவே கிண்ணத்துக்குள் இறங்கும் பனி மிகக் குறைவு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளில்தான் அது உட்காரும். காம்புகளை உயரமாக நிற்க வைத்து அடுக்குங்கள், தண்ணீருக்குள் அமுக்கிவிட வேண்டாம். பழைய காலத்தில் புல்மேல் துணி விரித்து வைத்துக் காலையில் பிழிந்து பனியைச் சேகரித்தவர்களும் உண்டு. வேண்டியது பனிதான் என்றால் அதுவே சரியான வழி. பண்ணையில் அதைச் செய்து காட்டியிருக்கலாம், ஒரு பழைய மேசைத் துணிக்கு என்ன செலவு?

மோதெனாப் பக்கத்தில் இந்த இரவு தண்ணீரைவிட வால்நட்டுக்கே அதிகம் சொந்தம். தோல் பச்சையாக, உள்ளோடு இன்னும் கெட்டியாகாமல், கத்தி வழுக்கிக்கொண்டு போகும் பருவத்தில் வால்நட் காய்களை இந்த இரவில் பறிக்க வேண்டும். பெண்கள், வெறுங்காலோடு, இரும்பு படாமல் பறிப்பது மரபு. நான்காக வெட்டி, சாராயத்திலும் சர்க்கரையிலும் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் கருப்பாக ஒரு மது வரும், அதுதான் நோச்சினோ. லிட்டர் சாராயத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ காய். அருகிலுள்ள ஸ்பிலாம்பெர்தோ ஊரில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, அதில் பெண்கள் தரம் பார்க்கிறார்கள். அதே ஊரில் அதே புனிதரின் பெயரால் பால்சமிக் வினிகருக்கும் போட்டி நடக்கிறது. புளிப்பையும் கசப்பையும் ஒரே புனிதரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

பண்ணையில் இந்த மரபைக் காட்சியாக நடத்தினார்கள். வெள்ளை உடையில் இரண்டு இளம்பெண்கள், வெறுங்காலோடு, பளபளக்கும் ஏணியில் ஏறினார்கள். ஏணி அலுமினியம். இரும்பு படவில்லை, மரபு மீறப்படவில்லை. புகைப்படக்காரர் மூன்று முறை இறங்கி ஏறச் சொன்னார். காய் வெட்டும்போது கையுறை தந்தது நல்ல விஷயம், அந்தச் சாறு பட்டால் விரல்கள் பல நாளுக்குக் கருத்துக் கிடக்கும். சுவைக்கத் தந்த நோச்சினோ சென்ற ஆண்டுகளில் செய்தது. கசப்பு, பட்டை, கிராம்பு, கடைசியில் நாக்கில் ஒரு துவர்ப்பு. சிறப்பாக இருந்தது, அளவுதான் ஒரு தேக்கரண்டி.

சாப்பாடு: தொர்தெல்லி தெர்பெத்தா. ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடையும் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த மாவுப் பொட்டலங்கள். இது உண்மையில் பார்மா வழக்கம். அங்கே இந்த இரவில் வெளியில் மேசை போட்டுப் பனி விழ விழ இதைச் சாப்பிடுவார்கள். வெண்ணெயில் மூழ்கடித்து பார்மெசானில் துவட்ட வேண்டும் என்பது அவர்கள் சொலவடை. இங்கே மூழ்கவில்லை, கால் நனைத்தது. மாவு மட்டும் மெல்லியதாக, கையால் உருட்டியது. சைவம் உண்பவர்கள் கவனிக்க: கீரை உணவு என்று பரிமாறினாலும் அந்தப் பார்மெசானில், அதாவது பார்மிஜானோ ரெஜ்ஜானோவில், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்தான் சேர்ப்பார்கள், வேறு எதையும் சேர்க்க விதி இடம் தராது. கூடவே வந்த ஞோக்கோ ஃப்ரீத்தோ என்ற மாவுப் பலகாரம் பன்றிக் கொழுப்பில் பொரித்தது. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். நாங்கள் கேட்டோம். ரோஸ்மேரி போட்ட உருளைக்கிழங்கும் தக்காளியும் முகம் சுளிக்காமல் செய்து தந்தார்கள்.

இரவு பத்தரைக்கு மேல் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சாடிகள் காரின் பின்னிருக்கையில் ததும்பிக்கொண்டு போயிருக்கும். மைக் அணைந்தது. மிஞ்சியவர்கள் ஏழெட்டுப் பேர்.

காலை ஆறு மணி. ஜூன் மாதம் என்பதால் வெயில் அதற்குள் மலை உச்சியைத் தொட்டிருந்தது. நொன்னா நைட்டியின் மேல் ஒரு கம்பளிச் சட்டையோடு வந்தார். ஒவ்வொருவர் கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தார், என்னுடையதில் சேஜ் அதிகம் என்றார். இலைகளை ஒதுக்கி, இரு கையாலும் அள்ளி, முகத்தில் அறைந்துகொள்ளச் சொன்னார், ஒற்றிக்கொள்ளக் கூடாது, தானாகக் காய வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தது. வாசனையில் புதினாவும் லாவெண்டரும் முந்திக்கொண்டன. பின்னால் ஒரு கசப்புப் பச்சை, அது மாசிபத்திரி. ரோஜா எங்கேயோ தொலைந்துவிட்டது. குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறினால் அவ்வளவுதான் இறங்கும், வாசனைத் திரவியத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். என் தோலில் எந்த மாற்றமும் இல்லை. என் கணவர் கழுத்துவரை நனைத்துக்கொண்டு, "சட்டென்று தூக்கம் தெளிந்துவிட்டது" என்றார். மீதியை நொன்னா தக்காளிப் பாத்திக்கு ஊற்றினார், எங்களையும் ஊற்றச் சொன்னார். பிறகு காப்பி போட்டுத் தந்துவிட்டு, தன் தாய் இந்த நீரில் தன்னைக் கழுவிவிட்ட கதையை, அண்ணன்மார் கழுவாமல் ஓடிய கதையை, யாரும் கேட்காமலே சொன்னார். விளம்பரத் தாளில் இந்தக் காலை ஒரே வரிதான்: 'தங்குபவர்களுக்குக் காலையில் முகம் கழுவும் சடங்கு.' மொத்தக் கட்டணமும் இதற்கே தகும்.

எனவே தங்காமல் போகாதீர்கள். மாலையில் மட்டும் வந்து சாடியோடு திரும்பினால் 45 யூரோவுக்குக் கூட்டமும் மைக்கும்தான் கிடைக்கும். அறை சாதாரணம், கொசுவலை இல்லை, குளியலறை பொது.

ஒப்பீட்டுக்காக: இணையத்தில் உலர்ந்த மூலிகைப் பெட்டி விற்கிறார்கள், சென்ற ஆண்டு வாங்கினேன். அழகான அட்டைப்பெட்டி, தங்க நாடா. தண்ணீரில் போட்டதும் தேயிலை நிறம், வைக்கோல் வாசனை. அதற்குச் செலவழிப்பதைவிட, ஜூன் மூன்றாம் வாரத்தில் உங்கள் ஊர்ச் சந்தையில் பச்சை மூலிகைக் கட்டு கிடைக்கிறதா என்று பாருங்கள். புதினா, சேஜ், ரோஸ்மேரி, லாவெண்டர் நான்கும் எங்கும் கிடைக்கும், பூச்சிமருந்து அடித்த பூக்கடை ரோஜாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குடிப்பதற்கான நீர் அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

போவதென்று முடிவு செய்தால் முழுக்கால் உடையும் மூடிய காலணியும் அவசியம். உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும், இரவில் கால்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். கொசுவிரட்டியைக் காலுக்கு மட்டும் போடுங்கள், கையில் போட்டால் அதுவும் கிண்ணத்தில் கலக்கும். பஸ் மாலையோடு நின்றுவிடுகிறது, கார் இல்லாமல் முடியாது. மே மாதக் கடைசியில் முன்பதிவு தொடங்குகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டும் நடையை நொன்னாதான் நடத்துகிறாரா? மகன் நடத்துகிறார் என்றால் பிளாரன்ஸ் வாணவேடிக்கைக்குப் போய்விடுங்கள்.